சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழகம்

ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களுட் பல அரசராலேனும் திருச்சபையாலேனும் நிறுவப்பட்டவை. சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழினுட்பப் பல்கலைக்கழகமோ ஒரு பாராளுமன்றத்தின் பிணக்கிலே பிறந்தது. பிறந்த காலத்தில் அதற்குப் பல்கலைக்கழகம் என்னும் பெயரே இல்லை. கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமையும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது 'பொலிதெக்னிக்கம்' என்றே வழங்கிவந்தது. இன்றும் நகரமக்கள் அதனைச் செல்லமாகப் 'பொலி' என்றே அழைப்பர். அப்பெயரோடிருந்த ஒரு தொழிற்கல்லூரி உலகின் முதன்மையான ஆராய்ச்சிக் கழகங்களுள் ஒன்றானமை எவ்வாறு என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வளர்ச்சியிற் பழைய மாணவர்க்கும் ஒரு பங்குண்டு. ஆதலின் இம்மலருக்கு அது புறம்பான பொருளன்று.

1847 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் சுவிற்சர்லாந்தில் ஓர் உள்நாட்டுப் போர் மூண்டது. கத்தோலிக்க மாநிலங்கள் சில தமக்கெனத் தனிக்கூட்டொன்று அமைத்துக்கொண்டதே காரணம். போர் ஒரு மாதத்துக்குள் முடிந்தது; இறந்தோர் தொகை ஏறக்குறைய நூறு. மறுவருடம் எழுதப்பட்ட அரசியலமைப்பு, அதுவரை தளர்ந்த கூட்டாயிருந்த மாநிலங்களை ஒரு கூட்டாட்சி நாடாக இணைத்தது. அவ்வமைப்பின் ஒரு விதி, கூட்டாட்சி அரசு ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு தொழினுட்பக் கல்லூரியையும் நிறுவலாம் என்று கூறிற்று. ஜேர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளைப் பேசும் மக்களுடைய பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் இருந்து கற்பாராயின் நாடு ஒன்றுபடும் என்பது அதனை எழுதியோர் கொண்ட நம்பிக்கை.

எழுதுதல் எளிது, நிறைவேற்றல் அரிது. 1854 ஆம் ஆண்டில் அவ்விடயம் பாராளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது எதிர்ப்பு நாற்றிசையினின்றும் எழுந்தது. தமக்கெனப் பல்கலைக்கழகமுடைய மாநிலங்கள் தம்முடையவை தேய்ந்துபோகும் என அஞ்சின. பிரெஞ்சு மொழியார் அஃது ஒரு ஜேர்மன் மொழிக் கழகமாகவே முடியும் என்றனர். கத்தோலிக்கரோ சீர்திருத்த சமயத்தாரின் நகரொன்றில் தம் மைந்தர் மெய்யியலும் வரலாறும் கற்பதை விரும்பினாரல்லர். பல்கலைக்கழகத் திட்டம் வீழ்ந்தது. தொழினுட்பக் கல்லூரி மாத்திரம் தப்பிப் பிழைத்தது. பாலத்தின் பாரத்தைக் கணக்கிடுவதிற் கத்தோலிக்கக் கணக்கு, சீர்திருத்தக் கணக்கு என்று வேறுபாடு இல்லையன்றோ? 1854 ஆம் ஆண்டு பெப்ரவரி 7 ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 1855 ஒக்ரோபரிற் கல்லூரி திறக்கப்பட்டது. தலைநகராகும் பேற்றை 1848 இற் பேர்ண் நகருக்குப் பறிகொடுத்த சூரிச், இதனையேனும் பெற்றது.

இக்கல்லூரிக்காக முன்னின்று உழைத்தோருள் அல்பிரெட் எஷர் முதன்மையானவர். அவர் அரசியல்வாதி மட்டுமல்லர். இருப்புப்பாதைக் கம்பனியொன்றின் தலைவரும் ஆவார். அந்நாளிற் சுவிற்சர்லாந்து இருப்புப்பாதை அமைப்பதில் அண்டை நாடுகளிலும் மிகப் பின்தங்கியிருந்தது. பாதை அமைப்பதற்குப் பொறியியலாளர் வேண்டும். அவர்களோ காள்ஸ்றூவ, பாரிஸ் முதலிய அயல்நகரங்களிலே பயிலவேண்டியிருந்தது. எனவே இக்கல்லூரி நாட்டுப்பற்றின் விளைவு என்பது எவ்வளவு உண்மையோ, இருப்புப்பாதையின் தேவையின் விளைவு என்பதும் அவ்வளவு உண்மை. கொத்தாட் மலையைப் பதினைந்து கிலோமீற்றர் குடைந்து 1882 இற் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது கல்லூரிக்கு வயது இருபத்தேழு.

தொடக்கத்தில் ஆறு பிரிவுகள் இருந்தன: கட்டடக்கலை, குடிசார் பொறியியல், எந்திரப் பொறியியல், இரசாயனம், வனவியல் ஆகியன ஐந்து. ஆறாவது பிரிவு விசித்திரமானது. கணிதம், இயற்கை விஞ்ஞானம், இலக்கியம், அரசியல், பொருளியல் யாவும் அதனுள் ஒருங்கு அடைக்கப்பட்டன. பாராளுமன்றத்தில் வீழ்ந்த பல்கலைக்கழகத்தின் எஞ்சிய பகுதி இந்த ஆறாவது பிரிவினுட் புகுந்து உயிர்தப்பியது எனலாம். சுவிற்சர்லாந்தின் மூன்று பெருமொழிகளில் எதிலும் விரிவுரை நிகழ்த்தலாம் என்பதும் விதி. அதன்படி இத்தாலிய இலக்கியத்தைப் பிரான்செஸ்கோ த சாங்ரிஸ் 1856 முதல் 1860 வரை கற்பித்தார்; நேப்பிள்ஸ் அரசினாற் சிறையிலிடப்பட்டுப் பின் நாடுகடத்தப்பட்ட அறிஞர் அவர். கலை வரலாறு கற்பித்தவர் யாக்கொப் பூர்க்ஹாட். பாலங் கட்டவும் பொறி ஓட்டவும் வந்த இளைஞர்க்கு இத்தகையோர் ஆசிரியராய் வாய்த்தனர்.

அகதிகளைப் பற்றிக் கூறுங்கால் கொட்பிரீட் செம்பரையும் கூறவேண்டும். 1849 ஆம் ஆண்டு திறெஸ்டன் நகரிற் புரட்சி எழுந்தபோது தடையரண் அமைக்க உதவியதன் பொருட்டுத் தேடப்பட்டவர் இக்கட்டடக்கலைஞர். பாரிசிலும் இலண்டனிலும் அலைந்து திரிந்த அவரைச் சூரிச் அழைத்துப் பேராசிரியராக்கியது. நகருக்கு மேலே மேட்டுநிலத்திற் கல்லூரியின் பெருங்கட்டடத்தை அமைக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தது. 1864 இல் முற்றுப்பெற்ற அக்கட்டடம் இன்றும் அக்கழகத்தின் முகமாக விளங்குகின்றது. அதன் ஒரு சிறகில் 1914 வரை சூரிச் மாநிலப் பல்கலைக்கழகமும் குடியிருந்தது. ஒரு வீட்டில் இரு குடும்பம். அவற்றுள் ஒன்றுக்கே கலாநிதிப் பட்டம் வழங்கும் உரிமை. இந்நிலையின் பயனைப் பின்னர்க் காண்போம். இப்பொழுது காணப்படும் குவிமாடம் செம்பர் அமைத்ததன்று; 1915 க்கும் 1924 க்கும் இடையிற் கட்டடத்தை விரித்த குஸ்தாவ் குல் சேர்த்தது. ஆற்றங்கரையிலிருந்து அம்மேட்டுக்கு மாணவரை ஏற்றிச்செல்லும் சிறு கயிற்றிரதம் 1889 முதல் ஓடுகின்றது.

முதல் பத்தாண்டுகளில் இக்கல்லூரியிற் பிறந்த கருத்துக்களை எண்ணினால் வியப்பே மேலிடும். 1858 இல் இருபத்தேழு வயதினரான றிச்சட் டெடெக்கிண்ட் நுண்கணிதத்தின் தொடக்கப் பாடங்களைக் கற்பிக்க வந்தார். ஓர் எண் தொடர்ந்து வளர்ந்து ஓர் எல்லையை அணுகும் என்று மாணவர்க்குக் கூறும்போதெல்லாம் படத்தைக் காட்டியே ஒப்பேற்ற வேண்டியிருந்தது; திண்ணிய நிறுவல் இல்லை. அஃது அவர் மனத்தை உறுத்தியது. கோட்டிலே இடைவெளி இல்லை என்கிறோம். எண்களிலே இடைவெளி இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்? பின்ன எண்கள் யாவற்றையும், இடப்பக்கத்தவை யாவும் வலப்பக்கத்தவற்றிலும் சிறியனவாக, இரு வகுப்பாக வெட்டுக. வெட்டு விழுந்த இடத்தில் ஒரு பின்ன எண் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டின் வர்க்கமூலம் நிற்கும் இடத்தில் வெட்டினால் அங்கே பின்ன எண் எதுவுமில்லை. அவ்வாறாயின் அந்த வெட்டையே ஓர் எண் எனக் கொள்வோம் என்றார் டெடெக்கிண்ட். இக்கருத்துத் தமக்குத் தோன்றிய நாள் 1858 நவம்பர் 24 என்று அவரே குறித்துவைத்துள்ளார். 1872 இலேதான் அதனை அச்சிட்டார். பொறியியல் மாணவருக்குப் பாடஞ் சொல்லும் கடமை கணிதத்தின் அத்திவாரத்தையே புதுக்கியமை ஆசிரியத் தொழில் செய்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தி.

அதே காலத்திற் பௌதிகப் பேராசிரியராயிருந்தவர் றூடொல்ப் கிளௌசியஸ். நீராவிப் பொறியில் வெப்பம் எவ்வளவு வேலையாக மாறும் என்னும் வினாவை ஆராய்ந்துவந்த அவர், 1865 இற் சூரிச்சிலிருந்தபோது 'என்றொப்பி' என்னும் சொல்லைப் படைத்தார். மாற்றம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினடியாகப் பிறந்தது அது. இன்று இரசாயனம் கற்கும் மாணவர் எவரும் அச்சொல்லைத் தாண்டிச் செல்ல முடியாது.

ஆயினும் இக்கல்லூரியின் தனிமுத்திரை பதிந்த துறை யாதெனின், குடிசார் பொறியியலே. அதன் முதற் பேராசிரியர் காள் குல்மன். இவர் 1849 முதல் 1851 வரை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சுற்றி, அங்குள்ள மரப்பாலங்களையும் இரும்புப்பாலங்களையும் ஊன்றிக் கண்டவர். ஒரு பாலத்திலே நூற்றுக்கணக்கான உறுப்புக்கள் இருக்கும். ஒவ்வோர் உறுப்பும் தாங்கும் விசையைச் சமன்பாட்டினாற் காண்பது களைப்பூட்டும் வேலை. பிழை நேர்ந்தாலும் எளிதிற் புலப்படாது. குல்மன் விசையைக் கோடாக வரைந்தார். கோட்டின் நீளம் விசையின் அளவு. அதன் போக்கு விசையின் திசை. ஒரு மூட்டிலே தாக்கும் விசைகளைக் குறிக்கும் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்துகொண்டு போனால், மூட்டு அசையாது நிற்குமாயின், கடைசிக் கோடு தொடங்கிய புள்ளியிலேயே வந்து முடியும். முடியாவிடின் எங்கோ தவறு உண்டு. கண்ணே அதனைக் காட்டிக்கொடுக்கும். 1866 இல் அவர் வெளியிட்ட 'வரைவு நிலையியல்' என்னும் நூல் இம்முறையை ஒரு தனிக்கலையாக்கியது. அளவுகோலும் பென்சிலும் கொண்டு பாரத்தின் போக்கைக் கண்ணாற் காணப் பழகிய மாணவர் தலைமுறை ஒன்று அவரிடமிருந்து புறப்பட்டது.

குல்மனைப் பற்றிய நிகழ்ச்சியொன்று குறிப்பிடத்தக்கது. சூரிச் பல்கலைக்கழக உடற்கூற்றறிஞர் ஹேமன் பொன் மையர் ஒருமுறை தொடையெலும்பொன்றை நீளவாட்டில் வெட்டிக் காட்டினார். எலும்பின் தலைப்பகுதியில் மெல்லிய எலும்பிழைகள் வளைந்து வளைந்து ஓர் ஒழுங்கில் ஓடின. அதனைக் கண்ட குல்மன், பாரந்தூக்கி ஒன்றின் வளைந்த கையில் விசைகள் ஓடும் கோடுகளாகத் தாம் மாணவர்க்கு வரைந்து காட்டுபவற்றின் அமைப்பே அது எனக் கண்டுகொண்டார். எலும்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்கின்றது என்னும் பிற்கால ஆராய்ச்சிக்கு இச்சந்திப்பு ஒரு வித்தாயிற்று. இருவரும் ஒரே நகரில், ஒரே அறிஞர் சபையிற் பழகியமையால் வந்த பயன் இது.

குல்மனின் மாணவருள் ஒருவர் மோறிஸ் கோக்லின். பாரிசின் ஐபெல் கோபுரத்தின் முதல் வரைபு 1884 இல் எமில் நூகியே என்பவரோடு சேர்ந்து இவர் வரைந்ததே. முந்நூறு மீற்றர்க் கோபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஐபெல். காற்றின் விசைக்கேற்ப அதன் கால்களை வளைத்தவர் கோக்லின். 1894 இற் பட்டம்பெற்ற றொபேட் மையார் கொங்கிறீற்றைக் கல்லைப்போலக் கனக்கவிடாது தகடுபோல மெல்லிதாக்கினார். மலைப்பள்ளத்தாக்கொன்றின் மேலே தொண்ணூறு மீற்றர் தாவி நிற்கும் சல்கினாதோபல் பாலம் 1930 இல் அவர் அமைத்தது. 1902 இற் பட்டம்பெற்ற ஒத்மார் அம்மன் அமெரிக்காவுக்குச் சென்றார். நியூ யோர்க்கில் 1931 இற் திறக்கப்பட்ட ஜோர்ஜ் வோஷிங்டன் தொங்குபாலம் அவருடைய ஆக்கம். அதன் நடுத்தாவு 1067 மீற்றர். அதற்குமுன் உலகிலிருந்த மிகநீண்ட தாவைப்போல ஏறக்குறைய இருமடங்கு.

இவ்வளவு புகழ் வந்தபோதிலும் கல்லூரியின் உள்வாழ்வு இன்பமயமாய் இருந்ததென எண்ணற்க. அது பள்ளிக்கூடம் போலவே நடத்தப்பட்டது. எந்தப் பாடத்தை எந்த ஆண்டிற் கற்பது என்பது விதிக்கப்பட்டிருந்தது. கண்டித்தலும் நீக்குதலும் தாராளமாய் நிகழ்ந்தன. அருகிலே, அதே கட்டடத்தின் மறுசிறகிலே, மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விரும்பியதைக் கற்றுச் சுதந்திரமாய்த் திரிந்தனர். 1864 ஆம் ஆண்டில் இம்மனக்குறை வெடித்தது. நிருவாகத்தின் கடுமையை எதிர்த்து மாணவர் கிளர்ந்தெழுந்தனர். பெருந்தொகையினர் கல்லூரியைவிட்டே வெளியேறினர்.

கலகத்தாற் பெறமுடியாததைச் சங்கத்தாற் பெறலாயினர். 1869 இற் பழைய மாணவர் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அவர்கள் இப்போது இருப்புப்பாதையிலும் தொழிற்சாலையிலும் பெரும் பதவி வகிப்போர். அவர்தம் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆண்டுக்கொருமுறை கூடி விருந்துண்டு பழங்கதை பேசிக் கலைவதோடு அச்சங்கம் அமையவில்லை. புகுமுகத் தகைமையை உயர்த்துக, பாடத்தெரிவில் மாணவர்க்குச் சுதந்திரம் கொடுக்க, ஆய்வுகூடங்களைப் பெருக்குக என விண்ணப்பங்கள் எழுதி அரசை விடாது நெருக்கியது. பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்குப் பணந்திரட்டுவதையே பெரும்பணியாகக் கொள்வதுண்டு. தாம் கற்ற கல்லூரியின் கல்விமுறையையே மாற்றப் போராடிய சங்கம் அரிது என்பது என் எண்ணம்.

கலாநிதிப் பட்டத்தின் கதை இதனோடு பிணைந்தது. பின்னாளில் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த வில்ஹெல்ம் றொன்ற்கன் ஒல்லாந்துப் பள்ளியொன்றிலிருந்து நீக்கப்பட்டவர். பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய சான்றிதழ் அவரிடம் இல்லை. 1865 இற் சூரிச் பொலிதெக்னிக்கம் அவரை ஏற்றுக்கொண்டது. 1868 இல் எந்திரப் பொறியியற் பட்டயம் பெற்றார். கலாநிதிப் பட்டம் பெறவேண்டுமாயினோ அடுத்த சிறகுக்கே செல்லவேண்டும். 1869 இல் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே அதனைப் பெற்றார். முப்பத்தாறு ஆண்டுகளின்பின் அல்பேட் ஐன்ஸ்ரைனும் அவ்வாறே செய்தார். 1909 அளவிலேதான் கல்லூரி தானே கலாநிதிப் பட்டம் வழங்கத் தொடங்கிற்று. கட்டாயப் பாடத்திட்டத்தின் இறுக்கமும் அக்காலத்திலேயே தளர்ந்தது. 1911 இல் அது கூட்டாட்சித் தொழினுட்ப உயர்கழகம் என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. பிரெஞ்சு மொழியார் நெடுங்காலம் வேண்டிநின்ற உடன்பிறப்பு 1969 இல் லோசான் நகரில் வாய்த்தது.

மகளிர் நிலையைச் சுருங்கக் கூறுவோம். 1871 இல் எந்திரப் பொறியியல் கற்க வந்த நதேஷ்டா சுமெற்ஸ்கயா என்னும் உருசியப் பெண்ணே முதல் மாணவி. தம் நாட்டிற் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவம் அடைபட்டிருந்தமையால் உருசிய மகளிர் பலர் அந்நாளிற் சூரிச்சை நாடினர். வாயில் இவ்வளவு முன்பே திறந்தும், ஆசிரியர் ஆசனம் எளிதிற் கிட்டவில்லை. முழுப்பேராசிரியராக முதலிற் பெண்ணொருவர் அமர்ந்தது 1985 இல். கட்டடக்கலைஞர் புளோறா றுக்கா றொங்காட்டி அவர். கல்லூரி திறந்து நூற்று முப்பது ஆண்டுகள் சென்றபின் நிகழ்ந்த இதனைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பெயர்கள் மிகப் பல. சிலவே இங்கு அமையும். 1912 முதல் 1926 வரை இங்கு இருந்த ஹேமன் ஸ்ரௌடிங்கர், இறப்பர், செலுலோசு முதலியன மிகநீண்ட சங்கிலி மூலக்கூறுகள் என்றார். அக்கால இரசாயனவியலாளர் பலர் ஏற்கவில்லை. சிறு மூலக்கூறுகளின் திரள் என்றே வாதித்தனர். 1953 இல் அவருக்கு நோபெல் பரிசு வந்தபோது உலகம் பிளாஸ்ரிக் யுகத்துள் நுழைந்துவிட்டது. கோட்பாட்டுப் பௌதிகத்தை வொல்ப்காங் பௌலி 1928 முதல் கற்பித்தார். அவர் ஆய்வுகூடத்துட் கால்வைத்தாற் கருவிகள் தாமே பழுதாகும் என்று நண்பர் கேலிபேசுவர். உளவியலறிஞர் யூங் 1930 களில் இங்கு விரிவுரையாற்றினார். அந்த ஆறாவது பிரிவின் மரபு அறவில்லை என்பதற்கு அது சான்று.

கணினித்துறையிலும் இக்கழகம் முந்திக்கொண்டது. போரில் எரிந்த பேர்லினிலிருந்து கொன்றாட் சூசே காத்துக்கொண்டு சென்ற Z4 என்னும் கணிப்பொறியை, கணிதப் பேராசிரியர் எடுவட் ஸ்ரீபல் 1950 இல் வாடகைக்கு எடுத்துவந்தார். அதன் உறுப்புக்கள் இயங்கும்போது இடையறாது சடசடவென ஒலிக்கும். இரவு முழுதும் அது தனியே கணக்கிட்டுக்கொண்டிருக்கும். சூரிச் நகரின் இராக்கேளிக்கை அவ்வொலி ஒன்றே என்று சூசே நகையாடினாராம். அதில் அனுபவம் பெற்ற குழு 1950 களின் நடுப்பகுதியிலே தன் சொந்தக் கணிப்பொறியை அமைத்தது. இங்கேயே கற்றுப் பேராசிரியராய்த் திரும்பிவந்த நிக்கலௌஸ் வியட், 1970 இற் 'பஸ்கால்' என்னும் கணினிமொழியை வெளியிட்டார். மாணவர் தெளிவாகச் சிந்தித்துக் கட்டளை எழுதப் பழகவேண்டும் என்பதற்காகவே ஆக்கப்பட்ட மொழி அது. உலகெங்கும் ஒரு தலைமுறை மாணவர் அதிலேயே முதற்பாடம் கற்றனர். கற்பித்தலினின்று ஆராய்ச்சி பிறக்கும் டெடெக்கிண்டின் வழியே இதுவும் என்க.

இனி, இன்றைய கல்வி வாழ்வைக் காண்போம். மாணவர் தொகை இப்பொழுது 25,000 க்கு மேல். 1960 களில் நகருக்கு வெளியே ஹொங்கபேர்க் என்னும் குன்றிற் பௌதிகத்துக்கெனத் தொடங்கிய வளாகம் விரிந்து இரண்டாவது ஊராகிவிட்டது. இளமாணிப் பாடங்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியிலும் முதுமாணிப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகின்றன. எட்டுமணி விரிவுரை எட்டேகாலுக்கே தொடங்கும்; அந்தக் கால்மணி பழைய பல்கலைக்கழக மரபு. விரிவுரை முடிந்தால் மாணவர் கைதட்டுவதில்லை. முட்டியால் மேசையிலே தட்டுவர்.

சுவிஸ் உயர்பள்ளிச் சான்றிதழ் பெற்ற எவரும் புகுமுகப் பரீட்சையின்றிச் சேரலாம். நம் நாட்டிலே போல வாயிலில் நிறுத்தி வடிகட்டும் வழக்கம் அங்கில்லை. அதற்கு மாறாக முதலாண்டிலேயே அடிப்படைப் பரீட்சை எனப்படும் பெருஞ்சோதனை உண்டு. பொறியியலாயினும் பௌதிகமாயினும் முதலாண்டு பெரும்பாலும் கணிதமே. வாரந்தோறும் பயிற்சித்தாள் வரும். சிறு குழுக்களாகக் கூடித் துணையாசிரியர் முன்னிலையில் அவற்றை விடுவிப்பர். பருவம் முடிந்து வாரக்கணக்கில் மாணவர் நூலகத்தில் அடைபட்டபின், கோடையின் கடைசியிலோ குளிர்காலத்திலோ பரீட்சை வரும். ஒருமுறை தவறினால் மீண்டும் ஒருமுறை தோற்றலாம். இரண்டாம் முறையும் தவறினால் அத்துறையின் கதவு அடைபட்டுவிடும். தகுதியுடையவர்க்கெல்லாம் வாயிலைத் திறந்துவைத்தல் நீதியே. ஆயினும் ஓராண்டு, ஈராண்டு உழைத்தபின் வெளியேறும் இளைஞனுக்கு அந்நீதி கசக்கவே செய்யும். எம்முறை நன்று என்பதிற் சுவிற்சர்லாந்திலேயே வாதம் ஓயவில்லை. கட்டணம் பற்றியும் அவ்வாறே. நெடுங்காலம் உள்நாட்டார்க்கும் அயல்நாட்டார்க்கும் ஒரே சிறு கட்டணம் இருந்தது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேரும் அயல்நாட்டு மாணவர்க்கு அது மூன்றுமடங்காக்கப்பட்டது.

ஒவ்வொரு மாணவரும் தம் துறைக்குப் புறம்பாக மெய்யியல், வரலாறு, இலக்கியம், பொருளியல் முதலியவற்றுட் சில பாடங்களைக் கற்றே ஆகவேண்டும் என்னும் விதி இன்றும் உண்டு. இது பயனற்ற சுமை என்று முணுமுணுப்போரும் உளர். இக்கழகத்திற் கட்டடக்கலை பயின்று பின்னர் நாவலாசிரியராய்ப் புகழ்பெற்ற மக்ஸ் பிறிஷ், 1957 இல் வெளியிட்ட 'ஹோமோ பாபர்' என்னும் நாவலிலே, எல்லாவற்றையும் கணக்கிலடக்கலாம் என்று நம்பிய சுவிஸ் பொறியியலாளன் ஒருவனைப் படைத்தார். அவன் கணக்குத் தவறிய இடம் அவனுடைய சொந்த வாழ்வு. முணுமுணுக்கும் மாணவர் அந்நாவலைப் படித்துப் பார்க்கலாம்.

பரீட்சையைப் பற்றிப் பேசியபின் ஐன்ஸ்ரைனின் கதையைச் சொல்லாது விடல் தகாது. அது பலவாறு திரித்துக் கூறப்படுவதால் உள்ளவாறு உரைப்போம். 1895 இற் பதினாறு வயதில் அவர் புகுமுகப் பரீட்சைக்குத் தோற்றினார். வழக்கமான வயது பதினெட்டு. கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறந்த புள்ளிகள். ஏனைய பாடங்களிற் போதாது. அதிபர் அல்பின் ஹேர்சொக் அவரை ஆரோ நகரப் பள்ளியில் ஓராண்டு கற்றுவரச் சொன்னார். மறுவருடம் சான்றிதழோடு வந்து பரீட்சையின்றியே சேர்ந்தார். கணிதத்தில் அவர் தவறினார் என்பது வெறுங்கட்டுக்கதை.

சேர்ந்தபின் நல்ல மாணவராய் நடந்தாரா என்றால், இல்லை. புதிய மின்காந்தக் கோட்பாட்டைக் கற்பிக்காத விரிவுரைகளை வெறுத்து, அறையிலிருந்து தாமே நூல்களைப் படித்தார். தொடக்கச் செய்முறை வகுப்புக்குச் செல்லாமையால் ஆறுக்கு ஒரு புள்ளி பெற்றார்; ஊக்கமின்மைக்காக எழுத்திலே கண்டிக்கவும் பட்டார். அங்கு ஆறே உயர்புள்ளி, ஒன்றே கடைப்புள்ளி. கணிதப் பேராசிரியர் மின்கொவ்ஸ்கிக்கு அவர் சோம்பேறியாகவே தோன்றினார். 1908 இல் அச்சோம்பேறியின் சார்புக் கொள்கைக்கு நாற்பரிமாண வடிவம் கொடுத்தவரும் அதே மின்கொவ்ஸ்கிதான். 1900 இல் இறுதிப் பரீட்சை எழுதிய ஐவருள் நால்வர் தேறினர். நால்வருட் கடைசி ஐன்ஸ்ரைன். தேறாத ஐந்தாமவர் பின்னர் அவருக்கு மனைவியான மிலேவா மாரிச். தேறிய மற்ற மூவருக்கும் கழகத்திலேயே துணையாசிரியர் பதவி கிடைத்தது, ஐன்ஸ்ரைனுக்குக் கிடைக்கவில்லை.

மூவருள் ஒருவர் மாசெல் குறொஸ்மன். விரிவுரை தவறாதவர், கேட்டதை அச்சிட்டாற்போல எழுதிவைப்பவர். பரீட்சைக்கு முன் அவருடைய குறிப்பேடுகளைப் பெற்றுப் படித்தே நண்பர் தேறினார். வேலையின்றி அலைந்த நண்பருக்குப் பேர்ண் நகரப் புத்தாக்க உரிமைப் பதிவகத்தில் 1902 இல் இடம் கிடைத்ததும் குறொஸ்மன் தந்தையாரின் பரிந்துரையால். 1912 இல் ஐன்ஸ்ரைன் தாம் கற்ற கழகத்துக்கே பேராசிரியராய்த் திரும்பியபோது, குறொஸ்மன் அங்கே கணிதப் பேராசிரியர். ஈர்ப்பை வெளியின் வளைவாகக் கூறுவதற்கு வேண்டிய கணிதம் தெரியாது தவித்த நண்பருக்கு, றீமனின் வடிவகணிதத்தைத் தேடி எடுத்துக்கொடுத்தார் அவர். இருவர் பெயரும் தாங்கிய கட்டுரை 1913 இல் வெளிவந்தது. மறுவருடம் ஐன்ஸ்ரைன் பேர்லினுக்குச் சென்றார். 1915 இல் அங்கே பொதுச் சார்புக் கொள்கை முற்றுப்பெற்றது. குறொஸ்மன் சூரிச்சிலேயே தங்கிப் பொறியியல் மாணவர்க்கு வடிவகணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் மாணவராயிருந்து எழுதிய அக்குறிப்பேடுகள் அக்கழகத்தின் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன.